அத்தானுக்காகப் பெருக்கிய பாதை

நல்ல துடைப்பம் கிடைப்பது இப்போதெல்லாம் அவ்வளவு சுலபமில்லை, செயலாளர் ஐயா. கடையில் வாங்குவது இரண்டு வாரத்தில் கொட்டிப்போகிறது. கடைசியில் இரண்டு பழைய துடைப்பங்களைச் சேர்த்து, நூலை மெழுகில் தோய்த்து நானே இறுக்கிக் கட்டினேன். தையற்காரன் போட்ட கட்டு அவிழாது. ஓட்டப் போட்டி முடியும்வரை தாங்கியது.

ஒருநாள் காலையில் சைக்கிளில் போன என்னை நிறுத்தி, "சாக்குல என்ன பெரியவரே?" என்று கேட்டீர்கள். "செடிக்கு மண்ணு" என்றேன். அது பொய். மேலே இருப்பவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உங்களிடம் இப்போது கேட்கிறேன். சாக்கில் இருந்தது கல்.

என் அத்தானை உங்களுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நம் மூத்தோர் ஓட்டக் குழுவில் வெறுங்காலோடு ஓடுகிறவர்களில் முதல் ஆள். ஷூ போட்டால் முழங்கால் வலிக்கிறதென்று ஒருநாள் கழற்றி எறிந்தார். வலி போன இடம் தெரியவில்லை. "ஸ்டியரிங்கை விட்டப்புறம் எனக்குன்னு இருக்கிறது இந்த ஓட்டம் ஒண்ணுதான் மாப்ளே" என்பார். அவரைப் பார்த்து நானும் கழற்றினேன். அவர் செய்வதையெல்லாம் நானும் செய்வதும், செய்து இரண்டாவதாக வருவதும் எங்களுக்குள் அக்கா கல்யாணக் காலத்திலிருந்தே பழக்கம். சீட்டாட்டம், நீச்சல், அக்கா பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது, எதுவானாலும் அப்படித்தான். "உங்க அத்தானைப் பார்த்துக் கத்துக்கடா" என்று அக்கா சொல்வது, தூசியைத் தட்டுகிற மாதிரி சாதாரணமாக வரும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. இதைப் பிரார்த்தனையிலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பெருக்க ஆரம்பித்த காரணம் எளிது. வாய்க்கால் ஓரத்துப் பாதையில் ஓடும்போது அத்தான் காலில் கண்ணாடிச் சில்லு ஏறியது. மனசு கேட்கவில்லை. அவர் எழுவதற்கு முன்பே போய்க் கண்ணாடியைப் பொறுக்கினேன். கண்ணாடியை எடுத்தவன் முள்ளை விட முடியுமா? முள்ளை எடுத்தவன் கூர்க்கல்லை விட்டுவிட்டு வருவானா? அதற்குப் பிறகு சரளையைப் பார்த்தால் அதுவும் கூராகத்தான் தெரிந்தது. ஒரு நல்ல காரியத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அத்தான் நெகிழ்ந்துபோனார்.

"எவனோ புண்ணியவான் மாப்ளே, பாதையைக் கூடம் மாதிரி வெச்சிருக்கான்."

"கவர்மெண்ட் ஆளா இருக்கும் அத்தான்."

"போ மாப்ளே. கவர்மெண்ட் என்னிக்கு மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிச்சு?"

அன்றிலிருந்து, முகம் தெரியாத அந்த ஆளுக்காக வாய்க்கால் பெஞ்சில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வைக்கத் தொடங்கினார். மழையில் நனையாமலிருக்க உறை போட்டு, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல். அந்தக் கல்லையும் நான் சாக்கில் போட்டுக்கொள்வேன். வெண்ணெய் போட்ட நல்ல பிஸ்கட். அன்பாக வைத்ததை வீணாக்கக் கூடாதென்று சாப்பிட்டேன்.

கல்லை எங்கே கொட்டுவது? வாய்க்காலில் கொட்டினால் தண்ணீர் அடைபடும். தெருவில் கொட்டினால் அடுத்தவர் காலைக் குத்தும். அதனால் என் வீட்டுக்குப் பின்னால் கொட்டிப் பரப்பினேன். சும்மா கிடக்கிறதே என்று அதன்மேல் கொஞ்சம் நடந்தேன். பிறகு கொஞ்சம் ஓடினேன். முதலில் உயிர் போயிற்று. போகப் போக என் பாதம் அத்தான் ஓட்டிய பஸ்ஸின் டயர் மாதிரி ஆயிற்று.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் ஷூவைக் கழற்றிய முதல் நாளே அத்தான் சொல்லிக்கொடுத்தார்: "கல்லுதான் நமக்கு ஷூ மாப்ளே. தினம் கொஞ்சம் குத்துனாத்தான் தோல் தடிக்கும். மெத்தையில ஓடினா கைக்குழந்தை பாதம் ஆயிடும்." எனக்கு ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது.

சாயங்காலங்களில் அவர் பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, தடித்த தோலையெல்லாம் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவிவிட்டேன். "நீ எனக்கு மச்சானா, பெத்த தாயா?" என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கண்ணும் கலங்கியது. அது நடிப்பில்லை.

சில்லு ஏறியது எப்போது என்று கேட்கிறீர்கள். போன வருஷம். நான் துடைப்பத்தை எடுத்தது, இந்த வருஷப் போட்டி செங்கல் சூளை வழியாகப் போகும் என்று நீங்கள் அறிவித்த மறுநாள். நடுவில் இருந்த மாதங்களில் மனசு எப்படியோ பொறுத்துக்கொண்டது.

போட்டியன்று சூளைவரை அத்தான்தான் முன்னால். உடைந்த செங்கல் தொடங்கிய இடத்தில் நொண்டினார். நான் தாண்டிப்போகும்போது பார்த்தேன், அவர் மிதித்த இடமெல்லாம் சிவப்பு. செங்கல் சிவப்பாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "நிக்காதே மாப்ளே, ஓடு. ஜெயிச்சிட்டு வா" என்றார். வயதில் மூத்தவர் சொல்லை நான் தட்டியதில்லை.

அவர் பாதத்துப் புண் சீழ் பிடித்தது. வேறிடத்திலிருந்து தோலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இனி ஓட்டமே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தினமும் போய்க் கட்டு மாற்றுகிறேன். பஞ்சையும் மருந்தையும் கொண்டுபோக வாகான பாத்திரம் இல்லாததால், முதல் பரிசாக நீங்கள் கொடுத்த வெற்றிக் கோப்பையில் போட்டு எடுத்துப்போகிறேன். அவர் கண்ணெதிரில்தான் வைக்கிறேன். பளபளவென்று இருப்பது நோயாளிக்கு ஆறுதல்.

முந்தாநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். என் உள்ளங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாப்ளே இவ்வளவு கெட்டியாச்சு?"

"தையல் மெஷின் மிதிச்ச காலு அத்தான்."

தலையணைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார்.

"பாவம், அந்தப் பெருக்குற ஆளு. நான் ஓடலைன்னு தெரியாம இன்னும் சிரமப்பட்டுக்கிட்டு இருப்பான். பார்த்தா சொல்லிடு, இனிமே பெருக்க வேணாம்னு. நான் அவன்மேல கோபமா இல்லைன்னும் சொல்லு."

பெஞ்சில் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தேன். வேறு யாரும் வரவில்லை. எடுத்துப் பிரித்தேன். ஒன்றைக்கூடத் தின்ன முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே வந்தேன்.

ஆமாம், அத்தானின் காலைக் கெடுத்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கோப்பையை, அவர் கால் கட்டைப் பிரித்த பிறகு திருப்பித் தருகிறேன்.

இனி நான் போக வேண்டும். நாளை காலை அவர் மெல்ல நடந்து பார்க்கலாமாம். செருப்பு வேண்டாம், வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று அடம் பிடிக்கிறார். அக்கா வீட்டு வாசலில் இன்னும் கொஞ்சம் சரளை கிடக்கிறது. துடைப்பம் சைக்கிளில்தான் இருக்கிறது.