ஒரே தொப்பி

கொல்லிமலை பஸ்ஸில் எனக்குப் பின் இருக்கையில் மிளகு வியாபாரிகள் இருவர், மச்சானும் மாப்பிள்ளையும். வளைவுக்கு வளைவு சண்டை.

"நீங்கல்லாம் தொப்பி இல்லாமத் தொழறீங்க. மார்க்கம் இப்படியே தேஞ்சுரும், மாப்ள."

"தர்காவுல சந்தனம் பூசுறதுல தேயாதுங்களா மச்சான்?"

"இருக்கற பள்ளிவாசல்லயே விடியக்கால பஜ்ரு தொழுகைக்கு ஒரு வரிசை நிறையல, மாப்ள. உங்க ஆளுங்க தனியா இன்னொன்னு கட்டுறாங்க!"

பாதி மலையில் என்ஜின் சூடாகி பஸ் நின்றது. பிற்பகல் அசர் தொழுகை நேரம். இருவரும் இறங்கிச் சாலையோரம் துண்டை விரித்தார்கள்.

"நல்லா ஓதறவன் நீதான் மாப்ள, நீயே முன்ன நின்னு தொழ வை. ஆனா தொப்பியில்லாத இமாம் பின்னால நான் தொழமாட்டேன்."

"எங்கிட்ட ஏதுங்க தொப்பி?"

மச்சான் தன் தொப்பியைக் கழற்றி மாப்பிள்ளை தலையில் வைத்தார். பிறகு வெறுந்தலையோடு அவருக்கு வலப்பக்கம் போய்த் தொழ நின்றார்.