குலுங்காமல் ஓட்டிய வண்டி

றவூப் நானாவுக்குக் கஞ்சி பருக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வாயின் இடப்பக்கமாகக் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் கொடுத்தால் சட்டையில் வடிந்துவிடும். அவருடைய மனைவி சபூறா அக்காவே சில நாட்களில் கோப்பையை என்னிடம் தந்துவிடுவார்.

நெடுங்கேணியில் அவருக்கு உரக்கடை. காலபோகத்துக்கு உரமும் விதைநெல்லும் கடனாக எடுத்து, ஒரு காசோலை கொடுத்தேன். என் கையெழுத்து அழகானது. வங்கிக்குத்தான் அது பிடிக்கவில்லை. காசோலை திரும்பியது. பொறுத்துப் பார்த்துவிட்டு நானா வழக்குப் போட்டார்.

எனக்கெதிராகச் சாட்சி சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். வழக்கு நெருங்கியபோது, அதை மீளப்பெறச் சொல்லிக் கெஞ்ச அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்துதான் மறுத்தார்.

"நான் உனக்குத் தந்தது உரம், ஜெயந்தன். நீ எனக்குத் தந்தது கடதாசி."

"கடதாசியும் உக்கினால் உரந்தானே நானா."

சிரித்தார். சிரித்தபடியே வாய் ஒரு பக்கம் கோணியது. என் பகிடிக்குத்தான் அப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கோப்பை கையிலிருந்து விழுந்தது.

சபூறா அக்கா அம்புலன்சை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். "அது எப்ப வந்து சேர? நான் கொண்டுபோறன்" என்று தடுத்தவன் நான்தான். என் சின்ன லொறியின் பின்பக்கம் மெத்தை விரித்துக் கிடத்தினோம். அக்கா கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "குலுக்காமப் போங்கோ தம்பி" என்றார்.

புளியங்குளம் வரைக்கும் உண்மையாகவே விரைந்தேன். அங்கே பின்னாலிருந்து நானாவின் குரல் கேட்டது. சொல் இல்லை, சொல்லைத் தேடும் சத்தம் மட்டும். இது இப்படியே இருந்துவிட்டால் வழக்கு இல்லை என்று தோன்றியது. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தேன்.

அங்கிருந்து வவுனியாவுக்கு நல்ல காப்பெற் வீதி. குலுங்க வழியே இல்லை. ஆனாலும் அக்கா சொன்னபடி மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்களுக்கெல்லாம் வழிவிட்டேன். ஓமந்தையில் டீசல் அடிக்க நிறுத்தினேன். டீசல் போதுமான அளவு இருந்தது. ரயருக்குக் காற்றும் பார்க்கச் சொன்னேன்.

கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டுப் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டொக்டர்.

"தம்பி எவ்வளவு பக்குவமாக் கொண்டுவந்தவர்" என்று அக்கா எனக்காகப் பரிந்து பேசினார்.

வழக்கு விழுந்துவிடும் என்று நம்பிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனேன். காசோலையை நிரப்பியது யார் என்று அவர் கேட்டார். நான் போட்டது கையெழுத்து மட்டும். மற்றதெல்லாம் கடை மேசையில் இருந்த நானாவின் மகள் ஷிஹானா எழுதியது. இரண்டு ஆண்கள் கொடுக்கல் வாங்கல் பேசும் இடத்தில் ஒரு பெண்பிள்ளையை ஆளாக எண்ணும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை. அவளும் வங்கி அலுவலரும் சாட்சி சொன்னால் போதுமாம். நானா வாய் திறக்கத் தேவையே இல்லையாம்.

ஷிஹானா கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். இறங்குவதற்கு முன் நீதவானைப் பார்த்தாள்.

"ஐயா, வாப்பாவை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான். தண்டனையைக் குறைச்சுக் குடுங்கோ."

சக்கரக் கதிரையில் இருந்த நானா இடக்கையை என் பக்கம் நீட்டி ஏதோ சத்தமிட்டார். அவர் நன்றி சொல்கிறார் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். ஓமந்தையில் அவர் கண் திறந்துதான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளையின் மனம் நோகக்கூடாதே என்றுதான் நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.