கூறுவாள்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் மேடம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். எனக்கு ஊர்வம்பு பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தானாக வந்து விழுவதற்கு நான் என்ன செய்வது? காதைக் கழற்றி ஆணியில் மாட்டவா முடியும்?

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் வாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பேனாவை அப்படிப் பிடிக்காதீர்கள், நிஜ வாள் இல்லை. என் வீட்டில் கூரான பொருள் என்றால் காய் நறுக்கும் கத்தி ஒன்றுதான். அதுவும் தக்காளியைக் கண்டால் தயங்கும்.

மூன்றாம் மாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரை ‘ஸ்டியரிங்’ என்றுதான் கூப்பிடுவோம். பெண்டாட்டி இல்லை, பூனை இல்லை, ஒரு செடிகூட இல்லை. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் இந்த ஆட்டம். ஞாயிறு மூன்று மணிக்கு அவர் வீட்டு மேஜையைச் சுற்றி உட்காருவோம். அவர் கதை சொல்வார்: “முன்னால ஒரு குகை. உள்ள என்னமோ உறுமுது. என்ன பண்றீங்க?” நாங்கள் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். அவ்வளவுதான் ஆட்டம். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். நானும் முதலில், வயது வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கத்துவதா என்று நியாயம் கேட்கத்தான் மேலே போனேன். போனவள் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தினவள். ஓய்வு பெற்ற பிறகு என்னைக் கேட்டு எதையும் யாரும் முடிவு செய்வதில்லை. மேலே போனால் நான் ஒற்றைக்கண் சீமாட்டி. கையில் வாள் உண்டு. நான் சொன்னால் பாலம் இறங்கும்.

மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர், நாலாம் மாடி, ஆறடி உயரம், ஆட்டத்தில் அவர் குள்ள வீரன். அடுத்தது, எனக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் இருக்கும் பெண். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். ஆட்டத்தில் அவள் திருடி. வலிக்காமல் ஊசி குத்துகிற கை பூட்டுத் திறக்கவும் லாயக்குத்தானே? அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவர், ஆட்டத்துக்கு வரமாட்டார். மூன்று மணிக்கு அவளைக் கொண்டுவந்து விடுவார். ஐந்து மணிக்கு வாசலில் நிற்பார். “நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்புறேன்க்கா” என்பார். அவள் வேலையிலிருந்து வர ஏழு நிமிஷம் தாமதமானால் லேபுக்குப் போன் பறக்கும். எனக்கு வாய்த்தவர், நான் ஊரில் இல்லாததையே மூன்றாம் நாள்தான் கவனித்தார். ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு கொடுப்பினை.

வாளுக்கு வருகிறேன். பறவைநாகத்தைக் கொன்றதற்குப் பரிசாக, அவரவர் ஆயுதத்தில் ஒரு மந்திரத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்றார் ஸ்டியரிங். என் வாளுக்கு மூன்று மந்திரங்களை ஒரு தாளில் எழுதி நீட்டினார். அவர் டிரைவிங் ஸ்கூல் பலகையில் ‘வலது பக்கம் திறும்பவும்’ என்று எட்டு வருஷமாக எழுதியிருக்கிறது. அந்தக் கைதான் இதையும் எழுதியது: எரிவாள். உறைவாள். கூறுவாள்.

“எரிவாளா? என் மாமியார் மாதிரி” என்றார் டாக்டர்.

“ஓடுவாள்னு ஒண்ணு இல்லையா சார்?” என்றாள் திருடி. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் எழுத நினைத்தது கூர்வாள். கல்லையும் வெட்டும் கூர்மை. எழுதியது கூறுவாள். நான் விடவில்லை. முப்பத்தொரு வருஷம் அந்த ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பாதித்தவள் நான். “எழுத்துல எது இருக்கோ அதுதான் சட்டம். இந்த வாள் பேசும்” என்றேன்.

“அக்கா, அது தப்பா எழுதிட்டேன்க்கா.”

“தப்பா எழுதினாலும் எழுதினது எழுதினதுதான்.”

அவர் நல்ல மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார். விதியும் அங்கேயே பிறந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறை நான் வாளால் யாரையாவது தொட்டு ஒரு கேள்வி கேட்கலாம். தொடப்பட்டவர் உண்மையைத்தான் கூற வேண்டும்.

அரக்கர்களிடம் கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அரக்கனிடம் கேட்க என்ன இருக்கிறது? அவன் எப்படியும் அரக்கன்தான். முதல் வாரம் பக்கத்தில் இருந்த குள்ள வீரனைத் தொட்டு, “நீ மறைச்ச தப்பு என்ன?” என்று கேட்டேன். டாக்டர் யோசிக்காமல், “ஒருத்தனுக்கு நல்ல பல்லைப் புடுங்கிட்டேன்” என்றார். கோடாரி தூக்குகிற குள்ளனுக்கு ஏது பல்? யாரும் கேட்கவில்லை. நான் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைக்குள் அது கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள், எங்கள் சுவர்களுக்கு வாயும் உண்டு போலிருக்கிறது.

இரண்டாம் வாரம் திருடியைத் தொட்டேன். “உன் மூட்டைல என்ன வெச்சிருக்க?”

அவள் கயிறு, மெழுகுவத்தி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆட்டத்தில் மூழ்கியிருந்தாள். சட்டென்று, “ரெண்டு செட் துணி, படிப்பு சர்டிபிகேட், அக்கா வீட்டுச் சாவி” என்றாள்.

டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “திருடிக்கு டிகிரி வேறயா!”

அவளும் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. அச்சில் எழுத்து இடம் மாறினால் எனக்கு எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை லிஃப்ட்காரர் வேலைக்குப் போன நேரம் பார்த்து நானே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை, ‘எல்லாம் நல்லதுக்குத்தான்மா’ என்று தோளைத் தொட்டேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். அவள் அக்கா இருக்கும் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை காலை புருஷன் வெளியே போனதும் கிளம்புகிறாள். போனவள் திரும்பி வரமாட்டாள். முழங்கையில் கன்றிப் பச்சையாகிப்போன பழைய அடியின் அடையாளத்தையும் காட்டினாள். நான் கேட்கவில்லை.

“பையை வீட்ல வெச்சா கண்டுபிடிச்சிடுவார்க்கா. உங்க வீட்ல வெக்கட்டுமா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன்” என்றேன். வாங்கிக்கொண்டேன். ஜிப் வைத்த நீலப் பை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. “அப்ப ஞாயிற்றுக்கிழமை?” என்றேன்.

அந்த ஞாயிறு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நாலு மாதமாக மலை மலையாக ஏறி இறங்கி, பாதாளக் கொல்லனின் வாசலுக்கு வந்திருந்தோம். வாளுக்குக் கடைசி மந்திரத்தை ஏற்றுகிறவன் அவன் ஒருவன்தான். அவன் கதவைத் திருடிதான் திறக்க முடியும். வேறு யார் தொட்டாலும் கதவு கல்லாகிவிடும். மூவரில் ஒருவர் குறைந்தாலும் கொல்லன் முகம் கொடுக்க மாட்டான்.

அவள் நான் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். “வேற திருடியைச் சேத்துக்கங்கக்கா” என்று சிரித்தாள்.

வேறு திருடி. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள். புதிதாக வருகிறவள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் ஆறு மாதம் ஆகும்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஆட்டத்தை வியாழனுக்கு மாற்றலாமா என்று ஸ்டியரிங்கைக் கேட்டேன். அவருக்கு ஓட்டுநர் தேர்வுக்குப் போகிற மூன்று பேர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை டாக்டருக்கு வேர் சிகிச்சை, வரிசையாக நாலு வாய் காத்திருக்கிறதாம். மனுஷியால் ஆனதை எல்லாம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லிஃப்ட் வாசலில் நின்றேன். லிஃப்ட்காரர் வந்தார். பையை நீட்டி, “தம்பி, இது உங்க வீட்டுப் பை. என் வீட்ல இடத்தை அடைக்குது” என்றேன்.

ஜிப்பைத் திறந்து பார்த்தார். “எப்பலேருந்துக்கா?”

“புதன்கிழமைலேருந்து. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மேல வந்து உக்காருங்களேன் தம்பி. அவளைத் தனியா விட வேண்டாம்.”

“சரிக்கா. ரொம்ப நன்றிக்கா” என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும் மேடம். அவள் கேட்டது சொல்லாதே என்று. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருளை உரிய வீட்டில் ஒப்படைத்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். அவள் வலது மணிக்கட்டில் கட்டு. “பாத்ரூம்ல வழுக்கிட்டா” என்றார் அவர். அவர் அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டியரிங்குக்குக் கதையே வரவில்லை. “கதவு… கதவு இருக்கு” என்று இரண்டு முறை சொன்னார். நான்தான் பகடையை அவள் பக்கம் தள்ளினேன். இடது கையால் உருட்டினாள். பதினெட்டு. பூட்டு திறந்தது. இடது கையில் பதினெட்டு போடுவது லேசில்லை, அதை நான் பாராட்டவும் செய்தேன்.

கொல்லன் மூன்று மந்திரங்களை வைத்தான். ஒன்று, ஓங்கினால் இடி விழும். இரண்டாவது, பக்கத்தில் இருப்பவர் மேல் விழுகிற அடியை வாளே வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, எத்தனை சுவருக்கு அப்பால் பேசினாலும் வாளைப் பிடித்திருப்பவருக்குக் கேட்கும். இரண்டாவதைச் சொல்லும்போது ஸ்டியரிங் என்னையே பார்த்தார். டாக்டரும் பார்த்தார். அவள் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடியை வாங்குகிற வாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மூன்றாவதை எடுத்தேன்.

அப்புறம் நடந்தது டாக்டரின் வேலை. அவள் பிஸ்கட்டை ஒரு பக்கமாகவே மெல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், போகும்போது லிஃப்ட்காரரிடம், “கீழ்ப்பல் ஒண்ணு ஆடுதுங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வரலேன்னா சீழ் தாடைக்கு ஏறிடும். அப்புறம் போலீஸ் கேஸாயிடும்” என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார். லிஃப்ட்காரர் பயந்து கூட்டிக்கொண்டு போனார். வெளியே உட்கார்ந்து பழைய பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். க்ளினிக்குக்குப் பின்வாசல் உண்டு. அங்கே அவள் அக்கா காத்திருந்திருக்கிறாள். பல் ஆடியது உண்மைதான், சீழ் சுத்தப் பொய். நல்ல பல்லைப் பிடுங்கியவர்தானே, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கிழிந்துபோனதால் அந்த வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்களாம். ஊசி குத்துகிற வேலைக்கு அந்தக் கை திரும்புமா என்பது சந்தேகம்தானாம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் என்னைக் கண்டால் படியில் ஏறுகிறவர் இறங்கிவிடுகிறார். ஆட்டம் நின்றுவிட்டது. அந்த மந்திரத்தை நான் ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை.

நீங்கள் வந்ததிலிருந்து அந்த ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நேராகவே கேளுங்கள், நான் ஒளிக்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை மேலே சத்தம் கேட்டதா?

கேட்டது. ஆறு இருபதுக்கு ஆரம்பித்தது. நாற்காலி விழுந்தது. அப்புறம் கனமாக ஏதோ விழுந்தது. அவள் ஒரு முறை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். அவளுக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள், நானும் அக்காதான், யாரைக் கூப்பிட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்புறம் குதிகாலால் தரையில் மூன்று முறை தட்டினாள். தரை என்றால், எனக்குக் கூரை. அப்போது தெரிந்தது.

ஒட்டடைக் கோலால் நான் ஒரு முறை திருப்பி இடித்திருந்தால் அவர் கையை எடுத்திருப்பார். நாலு பேருக்குத் தெரிந்தால் கூசுகிற மனிதர். கோல் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது, எடுக்கவும் எடுத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கூசிப்போய், ‘போய்த் தொலை’ என்று அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கதவை யார் திறப்பது? கோலைச் சாய்த்து வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

இவ்வளவுதான் மேடம். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து? அவளைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் பாதி ஆட்டத்தில் போய்விட்டாள் என்று எனக்கு அவள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.