எட்டு இன்ச் ரிம்

இல்ல தம்பி, அந்தப் பத்து இன்ச் ரிம்மெல்லாம் கழட்டி அங்கால வை. சொன்னாச் சொன்னதுதான். மாப்பிள்ள ஆசப்பட்டு கொழும்புல வாங்கிட்டு வந்தாரு, ஓம், பளபளண்டு வடிவாத்தான் இரிக்கி. அந்த வடிவ கண்ணாடி அலுமாரிக்குள்ள வெச்சுப் பாக்கட்டும். வெள்ளிக்கிழம கலியாணக் காவின் முடிய இந்த ஹைலக்ஸ்ல ஏறப் போறது என்ட மகள். பாலமுன மணலுக்குள்ள இறங்கப் போற வாகனம் இது. எட்டு இன்ச்சப் பூட்டு.

ஏன் எண்டு கேக்கிறாயா? இவ்வளவு காலம் என்ட கடையில டயர் பூட்டுறாய் றுமைஸ், இன்னும் ஏன் எண்டு கேக்கிறாய். சரி, கைய நிப்பாட்டாமக் கேளு. இந்த டயர்ட அகலத்துக்கு எட்டுத்தான் அளவு. ஏழுலயும் நிக்கும், ஒம்பதுலயும் சமாளிக்கும். பத்துல மாட்டினா ரெண்டு பக்கமும் இழுபட்டு நிக்கும், தம்பிட சட்டய மூத்த காக்கா இழுத்துப் போட்ட மாதிரி. தார் ரோட்டுல ஒண்டும் தெரியா. கடக்கர மணலுக்குள்ள போற எண்டா காத்த அரவாசிக்கு இறக்கணும், இல்லாட்டிப் புதையும். காத்து இறங்கினா, இழுபட்டு நிக்கிற டயர் ரிம்ம விட்டுக் கழண்டிரும். ஸ்டேரிங்க ஒரு வெட்டு வெட்டினாக் காணும், ரிம் மணல்ல குத்தி வாகனம் பிரண்டிரும்.

ஒடுக்கமாப் போட்டாலா? ஆறு போட்டா டயர் நடுவுல வயிறு தள்ளும். நடுப்பக்கம் மட்டும் தேயும், வாகனம் ஆடும். ஆனா ஆளக் கொல்லா.

மாப்பிள்ளக்கும் சொன்னனே. நம்ம பஹ்மி மாப்பிள்ள கரவல வெச்சு மீன் புடிக்கிறவன், மணல்ல பொறந்தவன், அவனே சொல்றான், மாமா, ரிம் அகலமா இரிந்தா புதையாதாம். ரிம்மா மிதக்கிற? டயர்தான் மிதக்கிற, அதுவும் காத்த இறக்கினாத்தான். இங்க உள்ள பொடியன்மாரெல்லாம் இதே பிழயத்தான் விடுறானுகள். வெளியால தள்ளிக்கிட்டு நிண்டா ஊரே பாக்கும், அதுதான் கணக்கு.

மீராமுகைதீன உனக்குத் தெரியும்தானே? ஓம், அந்த ஒலுவில் ஆள். இப்பயும் கட்டில்லதான் கிடக்கான், இடுப்புக்குக் கீழ ஒண்டும் இல்ல. அவனுக்கும் பத்து இன்ச் நான்தான் வித்த. என்னத்துக்கு வாயப் பாக்கிறாய்? ஆசப்பட்டுக் கேட்டான், குடுத்தன். யாவாரம் எண்டா கேட்டதக் குடுக்கிறதுதான். ஆனா என்ட மகள் ஏறுற வாகனத்துல நான் யாவாரம் பாக்க மாட்டன். அவளுக்கு ஒரு கீறல் விழப்படா.

ஓரத்துக்கு சவர்க்காரத் தண்ணி பூசினியா? நல்லா பூசு. என்ன, பூசின இடத்தயே திருப்பித் திருப்பிப் பூசுறாய்? தண்ணி வேணுமெண்டா குடிச்சிட்டு வா. வேணாமா. சரி, காத்த அடி. ஆ, டயர் ரிம்முல உக்காந்திட்டு. சுத்திவர டயர் ஓரத்துக் கோடு ஒரே அளவுல தெரியுதா எண்டு தடவிப் பாரு. கண்ணால பாத்தாப் போதா, விரலால தடவு.

காவினுக்கு உனக்கும் சொல்லிரிக்கன்தானே? கார்ட் உன்ட ஊட்டுக்கு வந்திரிக்குமே. உன்ட உம்மாட கையிலதான் குடுக்கச் சொன்னன். அவ என்ன செஞ்சா? திறக்காம அலுமாரிக்கு மேல வெச்சிட்டாவா. பாவம்.

போன மாசம் அவ எங்கட ஊட்ட வந்தத உனக்கிட்டச் சொன்னாவா? பொய் சொல்லாத, நீதான் அனுப்பியிரிக்காய். இல்லாட்டி உன்ட உம்மா சபியாக்கு அந்தத் தைரியம் எங்கால வாற. நம்மட ஊருல பொண் ஊட்டார்தானே மாப்பிள்ள கேட்டுப் போற? ஊடு குடுக்கிறதும் நாங்க, போய்க் கேக்கிறதும் நாங்க. நாங்க வருவம் வருவம் எண்டு பாத்திட்டு, வரல்ல எண்டதும் அவவே படியேறி வந்திட்டா. ஆம்புளப் புள்ளயப் பெத்தவ, மகனுக்குப் பொண் கேட்டு வாறா. என்ட பொஞ்சாதிக்குச் சிரிப்ப அடக்க ஏலாமப் போயிட்டு. நான் சிரிக்கல்ல. தேத்தண்ணி குடுத்து உக்காத்தி வெச்சிட்டுத்தான் கேட்டன். ஊடு வளவு ஒண்டும் வேணாமாம், என்ட மகள் அஸ்மியா உடுத்த உடுப்போட வந்தாக் காணுமாம். ரெண்டு பேருக்கும் விருப்பமாம். இத சொல்லக்குள்ள அவட குரல் இறங்கிப் போயிட்டு. வாசல் வர வந்து வழியனுப்பிட்டுத்தான் வந்தன்.

அவ கொண்டு வந்த தொதல் நல்ல ருசி. அத வெட்டித்தான், நாங்க போய்க் கேட்டு வெச்சிரிந்த பஹ்மிட ஊட்டார் மறுநாள் வந்த நேரம் தட்டுல வெச்சம். மாப்பிள்ள நாலு துண்டு திண்டாரு.

ஸ்பேனர எடு. கீழ விழுந்திட்டு, எடு.

மகளுக்கிட்டக் கேட்டமா எண்டா, ஓம், கேட்டன். பஹ்மிக்குத் தாறம், சம்மதமா எண்டு. அவ வாய் திறக்கல்ல. பொண் புள்ள வாய் திறக்காட்டி சம்மதம்தானே, மார்க்கமே அப்பிடித்தானே சொல்லுது. அழுதாதான். எல்லாப் பொண்ணும் அழும். தாய் அழல்லயா, இப்ப என்னோட சந்தோஷமாத்தானே இரிக்கா.

நட்ட வரிசையா இறுக்காத. ஒண்ட இறுக்கினா அதுக்கு எதிர்ப்பக்கம் உள்ளத இறுக்கு. இவ்வளவு நாளும் ஒழுங்காச் செஞ்ச வேலதானே, இண்டைக்கு என்ன மறதி.

இன்னொண்டு. புது ரிம் பூட்டினாக் கொஞ்சத் தூரம் ஓடின பொறகு நட்ட இன்னொருக்கா இறுக்கணும், உனக்குச் சொல்லத் தேவையில்ல. வெள்ளிக்கிழம சாப்பாடு முடிஞ்சு மாப்பிள்ளயும் பொண்ணும் பாலமுனக்கு வாற நேரம், மணல் தொடங்குற இடத்துல நீ நிக்கணும். லீவா? லீவில்ல. நாலு சில்லுலயும் காத்த இறக்கி, நட்டெல்லாம் பாத்து விடணும். அவ முன் சீட்டுல இரிப்பா, புதுப்பொண் உடுப்போட. நீ தலயத் தூக்காம வேலயப் பாரு.

கடையில உள்ள மத்தவன் பாக்கியராசாவ அனுப்பச் சொல்றாயா? அவன் கெட்டிக்காரன்தான், ஆனா நட்டு இறுக்கிற நேரம் போன்ல கதைப்பான். அவனுக்கு அது இன்னொரு வாகனம். உன்ட உம்மா வந்திட்டுப் போன அண்டைக்கே உன்னக் கடைய விட்டு எறிஞ்சிரிப்பன், மச்சான்மார் அப்பிடித்தான் சொன்னாங்க. நான்தான் வேணாம் எண்டன். அஸ்மியா இரிக்கிற வாகனத்துல ஒரு நட்டக்கூட நீ லூசா விடமாட்டாய். அதுக்காகத்தான் உன்ன வெச்சிரிக்கன். கலியாணம் முடிஞ்சா சனிக்கிழமையில இருந்து நீ வரத் தேவையில்ல.