ஓட்டை தேடும் கேமரா

"உன்ற கம்ப்யூட்டர் வந்துட்டா மொதல்ல எனக்குத்தான் வேலை போகும், கண்ணு."

வீரபாண்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த சகோதரிகளில் அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை அவளுக்கு. பக்கத்தில் இருந்த தங்கை, அதே ஓட்டையைக் கேமரா வைத்துக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள்.

"ஓட்டைன்னு வெளிநாட்டுல இருந்து சரக்கு திரும்பி வராதுங்க்கா. ஏற்றுமதி கூடும், நாடு வளரும்னு ஆராய்ச்சி ரிப்போர்ட்ல எழுதியிருக்கறேன்."

"அந்த நாட்டுல நான் இருக்கறனா?"



"இல்லீங்க்கா. அதை எழுதல."

"அப்ப எழுது."

"ரிப்போர்ட்டை அடுத்த மாசம் காலேஜ்ல குடுக்கோணுமுங்க. இதையும் சேர்த்தா இன்னும் ஒரு வருசம் இழுக்கும். எங்க கைடு சார் திட்டுவாரு."

"திட்டட்டும். நானும் எங்க செக்கிங் பிள்ளைகளும் வர்றோம். அந்தக் கேமரா மிசினை ஓட்டறதுக்கு எங்களுக்குச் சொல்லிக்குடு. எங்களால முடியுதான்னு பார்த்து எழுது."

"முடியலீன்னா?"

"அதையும் எழுது."

ஸ்டாப் வந்தது. தங்கைதான் முதலில் எழுந்தாள்.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் காலேஜுக்கு வாங்க. ஆரம்பிச்சரலாம்."