ஃப்ளோரன்ஸ் படித்தது யாருக்கு உறுத்தியது?

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பங்குப் பேரவைத் துணைத்தலைவர் கருணாகரன் அவர்களே, மீன் ஏலம் முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் காசிமேட்டுத் தாய்மார்களே, என் துறைமுகத் தோழர்களே! அமைதியாகப் பேசிவிட்டு இறங்க வேண்டும் என்றுதான் வந்தேன். வாசலில் கட்டியிருக்கும் அஞ்சலி பேனரைப் பார்த்தேன். அந்த எண்ணம் போய்விட்டது.

'இறையியல் அறிஞர் ஃப்ளோரன்ஸ் அம்மையார்' என்று போட்டிருக்கிறீர்கள். அறிஞர் என்பது இன்றைக்குத்தான் தெரிந்ததா? அவர் உயிரோடு இருந்தபோது இதே வளாகத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்? அதிகப்பிரசங்கி!

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாய்க்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, இரண்டாம் நாள் இறந்தது. தலையில் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. 'கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது' என்றது அன்றைய கமிட்டி. மதிலுக்கு வெளியே, சாக்கடை ஓரம் குழி வெட்டினார்கள். 'என் புள்ள எங்க போச்சு?' என்று கேட்டார். மோட்சத்துக்குப் போகாது என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரு வரியை அவர் நம்பவில்லை. எட்டாவது வரை படித்தவர், அஞ்சல்வழி இறையியல் படிப்பில் சேர்ந்தார். மீன் விற்று முடித்ததும் கவிழ்த்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து படிப்பார். மூன்று வருடப் படிப்புக்கு ஏழு வருடம் ஆனது. திருச்சபை வரலாற்றில் மூன்று முறை தோற்றார். தோற்றால் என்ன? நம்மில் எத்தனை பேர் அந்தத் தேர்வை எழுதியாவது பார்த்தோம்?

ஐந்தாவது வருடம் ஒருநாள் கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் என்னை வழிமறித்தார். 'சாவியோண்ணா, திருமுழுக்கு இல்லாம செத்த கொயந்தைங்கள கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்னு நம்ம திருச்சபையே சொல்லிகீது. என் புள்ளைய சாக்கடையாண்ட போட்டது கடவுள் இல்லண்ணா. உங்க கமிட்டி' என்றார். அன்றைய கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர்.

அதன்பிறகுதான் இந்த வளாகத்து மாடி அறையில் செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கினார். பன்னிரண்டு பெண்கள். விவிலியத்தை வரி வரியாக வாசிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், விளங்காவிட்டால் அடுத்த வாரமும் அதே வரிதான்.

சென்ற தவக்காலத்தில், வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ரோசிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பங்குத்தந்தை ஊரில் இல்லை. கருணாகரன் அவர்களே, திருமுழுக்கு இல்லாத குழந்தைக்கு இடமில்லை என்று கல்லறைத் தோட்டத்தின் கேட்டைச் சாத்திக்கொண்டு நின்றவர் நீங்கள்.

'மீன் விக்கிறவ எனக்கு மறைக்கல்வி சொல்லித் தர்றியா?' என்று, குழந்தையைக் கொண்டுவந்த ஃப்ளோரன்ஸிடம் கேட்டீர்கள்.

'மீன் விக்கிறவதான் சாரே. நீ சொல்றது எந்தப் பக்கத்துல கீது? காட்டு, நாங்க திரும்பிப் போய்க்கினே இருக்கோம்' என்றார் ஃப்ளோரன்ஸ்.

உங்களால் காட்ட முடிந்ததா? மூன்று மணி நேரம் அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று, திருச்சபையின் போதனையை உரக்க வாசித்தார். போனில் பங்குத்தந்தை சொன்ன பிறகுதான் கேட் திறந்தது. குழந்தை மதிலுக்கு உள்ளே அடக்கமானது!

மறு வாரமே பேரவை கூடியது. 'வகுப்பைப் பற்றிய விசாரணை முடியும்வரை மாடி அறை மூடப்படும்' என்று தீர்மானம். ஆதரித்துக் கை தூக்கியவர்கள் ஒன்பது பேர். அதில் ஒரு கை, சகோதரிகளே, என்னுடையது. ஏன் தூக்கினேன்? எல்லோரும் தூக்கினார்கள், தூக்கினேன். கோழைத்தனத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா?

அவருடைய புத்தகங்களும் கைப்பட எழுதிய குறிப்புகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவற்றைத்தான் கேட்டார். 'மருந்து இன்னா பண்ணப் போவுது? என் நோட்ட எடுத்தாந்து குடுண்ணா' என்றார். நான் மூன்று முறை மனு எழுதினேன். விசாரணை முடியட்டும் என்றீர்கள். விசாரணை முடியவில்லை, ஃப்ளோரன்ஸ் முடிந்துபோனார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌனம் வேண்டும் என்றார்கள். அந்த அம்மாளின் வாயை அடைத்தது போதாதா? எனக்கு மௌனம் வேண்டாம்!

பேரவை உறுப்பினர் பதவியிலிருந்து நான் விலகிவிட்டேன். கடிதம் பங்குத்தந்தையின் மேசையில் இருக்கிறது. இன்று காலை மாடி அறையின் பூட்டையும் உடைத்துவிட்டேன். ரோசியும் மற்ற பெண்களும் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கிவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து வகுப்பு நடக்கும், ரோசி வாசிப்பார். அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக நானும் படிக்க உட்காருவேன்.

கருணாகரன் அவர்களே, பூட்டை உடைத்ததற்குக் காவல் நிலையத்தில் தாராளமாகப் புகார் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் போலீஸ் வந்தால், மாடி அறையில் வகுப்பில்தான் இருப்பேன்.