இருவாச்சி இருந்த மரம்

ஐம்பதுகளில் ஒரு நாள், கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை தூங்கியது.

"ஒரு பட்சிக்காகத்தானுங்க எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு," என்றாள் அவள்.

"பட்சிக்காகவா?" மூத்தவள் திரும்பினாள்.

"மலையில மரம் வெட்டுற வேலைங்க. வெட்டச் சொன்ன மரத்துப் பொந்துல இருவாச்சி அடைகாத்துட்டு இருந்திருக்குது. பொட்டை உள்ள போய் வாசலைப் பூசி அடைச்சுக்குமாம். மூக்கு நீட்ட மட்டும் ஒரு சந்து இருக்குமாம். றெக்கையில இறகெல்லாம் உதுந்துருமாம். சேவல்தான் பழம் கொண்டாந்து ஊட்டோணும்."

"மரத்தைச் சாய்ச்சா?"

"அதால பறக்க முடியாதுங்களே. குஞ்சு வளர்ற வரைக்கும் விடுங்கன்னு கேட்டிருக்காரு. கண்ட்ராக்டர் ஒத்துக்கலை. இவரு கோடாலியைப் போட்டுட்டு வந்துட்டாரு."

"அப்புறம்?"

"வேற ஆளை வெச்சு வெட்டிட்டாங்க."

மூத்தவள் தூங்கும் குழந்தையைப் பார்த்தாள். பிறகு, "உனக்குக் கோவம் வரலையா அம்மிணி?" என்றாள்.

"வந்துச்சுங்க. அப்ப நான் இவனைப் பெத்துப் படுத்திருக்கறேன், எந்திரிக்க முடியாது. அவருதான் அடுப்பு மூட்டிக் கஞ்சி வெச்சுக் கொண்டாந்தாரு. குடிச்சுட்டுத் திட்டலாம்னு இருந்தேன். திட்ட வரலைங்க."

மூத்தவள் கை நீட்டிக் குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.